கம்ப்யூட்டருக்குப் பாலாலயம்

தர்ப்பாரண்யேசுவரர் துணை

கோட்டுச்சேரி,
காரைக்கால்.

அன்புள்ள தம்பி மாறனுக்கு,

அக்கா செல்லம் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தான், வெண்மதி, கொல்லையில் நிற்கிற இரண்டு தென்னை, எல்லாரும் சுகம். நீ கொண்டுவந்து கொடுத்த கம்ப்யூட்டர் மட்டும் இறந்துவிட்டது. ஆனால் உயிரோடுதான் இருக்கிறது. அது எப்படி என்று சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம். அங்கே நீயும் மகாலியும் பிள்ளைகளும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று சனிக்கிழமைதோறும் திருநள்ளாற்றில் விளக்குப் போட்டு வேண்டிக்கொள்கிறேன்.

வாட்ஸப்பில் அனுப்பக் கூடாதா என்று கேட்பாய். நான் அதில் பத்து வரி எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். இது கட்டைவிரலில் தீருகிற சங்கதி இல்லை. அடுத்த தெரு ழுலியேத் அம்மா பாரிசில் இருக்கிற தன் மகன் வீட்டுக்கு வருகிறார். அவருடைய கைப்பையில் இந்தக் கடிதமும், மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு கறுப்புப் பெட்டியும் வரும். சீட்டுக்கட்டைவிடக் கொஞ்சம் பெரியது. அதைக் கீழே போடாதே. ஈரக் கையால் தொடாதே. இந்தக் கடிதத்தைக் கடைசி வரைக்கும் படித்த பிறகுதான் அதை எதிலாவது செருக வேண்டும். உன் பழக்கம் எனக்குத் தெரியும், மாத்திரைச் சீட்டையே விழுங்கிய பிறகு படிக்கிறவன் நீ.

முதலில் வெண்மதி விஷயம். நெடுங்காட்டு வரன் கூடிவந்திருப்பது உனக்குத் தெரியும். பையன் அகரன் வேளாண்மை அலுவலகத்தில் இருக்கிறான். வருகிற வரனையெல்லாம் நடை சரியில்லை, மீசை சரியில்லை என்று தட்டிவிட்டுக்கொண்டிருந்த நம் பெண், இவர்கள் வந்து போன அன்றைக்குச் சாயங்காலம் யாரும் சொல்லாமலே காபி டம்ளரையெல்லாம் துலக்கி வைத்துவிட்டு, தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றாள். அதற்கு மேல் எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவள் பிறந்த நேரம்தான் உனக்குத் தெரியுமே! ரோகிணி முடிந்து மிருகசீரிடம் தொடங்குகிற இடுக்கில் வந்து பிறந்தாள். ஒரு ஜோசியர் வாக்கியப் பஞ்சாங்கப்படி ரோகிணி என்றார், இன்னொருவர் திருக்கணிதப்படி மிருகசீரிடம் என்றார், மூன்றாவது ஆள் தட்சிணையை வாங்கிக்கொண்டு இரண்டும் என்றார். நீ கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்த ஜாதகப் புரோகிராம்தான் மிருகசீரிடம் என்று அடித்துச் சொல்லி வழக்கைத் தீர்த்தது. அகரன் திருவோணம். மிருகசீரிடத்துக்கும் திருவோணத்துக்கும் பொருத்தம் பாலும் பழமும் மாதிரி. ரோகிணியாக இருந்தாலோ, இரண்டு பேருக்கும் ஒரே ரஜ்ஜு. தாலிக்கே ஆகாது என்று எழுந்து போய்விடுவார்கள். ஆக, பெண்ணின் கல்யாணம் அந்தப் பழைய கம்ப்யூட்டரின் வாயில் இருக்கிறது.

அகரனின் அம்மா எழில்மதி நல்ல மாதிரிதான். ஆனால் அவர்கள் உறவில் யாரோ கைப்பேசியில் தட்டிப் பார்த்து ரோகிணி என்று கொளுத்திப் போட்டுவிட்டார்கள். அந்தம்மா போன் செய்தார். "சம்பந்தி, எனக்கு ஒண்ணும் சந்தேகம் இல்லீங்க. நிச்சயத்தன்னிக்கு மட்டும் உங்க கம்ப்யூட்டர்லேருந்து புதுசா ஒரு தாள் எடுத்துக்கிட்டு வந்துருங்க. எங்க ஆளுங்க வாயக் கட்டணும்ல" என்றார். அதுக்கென்ன, பேஷாக எடுத்து வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். அந்த வாரம்தான் பல்லி சொல்ல ஆரம்பித்தது.

கம்ப்யூட்டர் இருக்கிற கன்னி மூலையிலிருந்து டிக், டிக், டிக் என்று சத்தம். நல்ல பல்லி. நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொல்லும். நான் தரையைத் தட்டி, கிருஷ்ணா கிருஷ்ணா என்று சொல்லிவிட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்து அந்தக் கிழமைக்கு அந்தத் திசையில் பல்லி சொன்னால் என்ன பலன் என்று பார்ப்பேன். ஒரு நாள் உறவினர் வருகை என்று இருந்தது, சுரக்குடியிலிருந்து சின்னத்தை வந்து நின்றார். ஒரு நாள் வஸ்திர லாபம் என்று இருந்தது, உன் அத்தானுக்குப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் துண்டு போர்த்தினார்கள். உன் அத்தானுக்குப் பல்லியின் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. "கல்யாண வீட்டுப் பல்லி. சத்தம் போடாதீங்க, அது பேசட்டும்" என்று மின்விசிறியைக்கூட நிறுத்தி வைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெண்மதி அந்த மூலையில் போய்க் காதை வைத்துக் கேட்டாள். எங்கள் இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, இது பல்லி இல்ல. ஹார்ட் டிஸ்க். உள்ள தேஞ்சு செத்துக்கிட்டிருக்கு. ஃபேன வேற நிறுத்திருக்கீங்க, சூடு தாங்குமா?" என்றாள். சாகக் கிடந்த ஒன்றிடம் நாங்கள் வாரக்கணக்கில் குறி கேட்டிருக்கிறோம். நான் பஞ்சாங்கத்தை எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன். உன் அத்தான் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "பல்லியும் இருந்துச்சு" என்கிறார்.

அப்போதுதான் உனக்குப் போன் செய்தேன். நீ ஏதோ ரயில் ஏறிக்கொண்டே, "அக்கா, ஃபைல மட்டும் காப்பி பண்ணாத, பிரயோசனம் இல்ல. அந்த ஜாதகப் புரோகிராம வித்த கம்பெனி மூடியாச்சு, திரும்பப் போட முடியாது. முழு டிஸ்க்கையும் அப்படியே இமேஜா எடுத்துரு. குளோன்ஜில்லான்னு ஒண்ணு இருக்கு, ஃப்ரீ" என்று சொன்னாய். அப்புறம் ரயில் சத்தம். அப்புறம் கட்டைவிரல். நாலு வாக்கியத்தில் இரண்டு எனக்குப் புரியவில்லை. புரியாத ஒன்றை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போகிற சுபாவம் எனக்கு இல்லை என்று உனக்குத் தெரியும். மறுநாளே பஸ் ஏறிக் காரைக்காலில் ஜெகபர் அலி கடைக்குப் போனேன். பழைய கம்ப்யூட்டரெல்லாம் பிரித்துப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கிற மனிதர். காப்பி பண்ணுவதற்கும் இமேஜ் எடுப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

"அக்கா, நீங்க வீடு மாறுறீங்கன்னு வைங்க. சாமான மட்டும் லாரில ஏத்துனா அது காப்பி. வீட்டையே அடியோட பேத்து, செவுத்துல அடிச்ச ஆணி, பரண்ல கெடக்குற எலிப்பொறி, கதவு கிறீச்சுங்கிற சத்தம், அம்புட்டோடயும் தூக்கிட்டுப் போனா அது இமேஜ்" என்றார்.

"அந்தக் குளோன்ஜில்லாவுக்கு விலை என்ன தம்பி?"

"சும்மாக்கா."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். யாரு வேணா எடுத்துக்கலாம். உள்ள என்ன எழுதிருக்குன்னு பிரிச்சுப் பாக்கலாம். மாத்திக்கலாம். மாத்துனத அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம்."

"செஞ்சவங்களுக்கு என்னப்பா கிடைக்கும்?"

"துஆ கிடைக்கும்க்கா, நம்ம வேண்டுதல்" என்றார். குளோன்ஜில்லாவை ஏற்றிய பென்டிரைவ் ஒன்றும், எடுக்கிற இமேஜை வைக்க அந்தக் கறுப்புப் பெட்டியும் கொடுத்தார். அது இரண்டும் சும்மா இல்லை.

பஸ்ஸில் வரும்போதே கைப்பேசியில் படிக்க ஆரம்பித்துவிட்டேன் மாறா, சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டேன். குளோன்ஜில்லா ஒரு ஆள் செய்த வேலை இல்லையாம். தைவான் தேசத்தில் சில பேர் சேர்ந்து கட்டியிருக்கிறார்கள். அதற்குள்ளே வேறு வேறு ஊர்க்காரர்கள் செய்த சின்னச் சின்னக் கருவிகள். டிஸ்க்கில் எழுதின இடம் எது, வெற்றிடம் எது என்று பார்த்து எழுதினதை மட்டும் எடுக்க ஒன்று. எடுத்ததை அப்பளக்கட்டு மாதிரி அமுக்கி வைக்க ஒன்று. இது தவிர, சாகப்போகிற டிஸ்க்குக்கென்றே தனியாக இன்னொரு கருவி இருக்கிறதாம். அது கெட்டுப்போன இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல், நல்ல இடத்தையெல்லாம் முதலில் எடுத்துக்கொண்டு, அப்புறம் கெட்ட இடத்துக்குத் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்குமாம். நம் பெரியப்பா வீட்டில் இப்படி ஒரு ஆள் இருந்திருந்தால் பாகப்பிரிவினை அத்தனை வருஷம் இழுத்திருக்காது. ஊர் பேர் தெரியாத எனக்கு, கேட்காமலே, கணக்கும் பார்க்காமல் இதைச் செய்து வைத்திருக்கிறார்களே என்று மனசு கேட்கவில்லை. கோயிலில் அவர்களுக்கு ஒரு அர்ச்சனை செய்யலாம் என்று போனேன். குருக்கள், "பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார். பேர் தெரியாது, ஊர் தைவான் என்றேன். "கோத்திரம்?" என்றார். அதுவும் தைவான்தான் என்றேன். தட்டை வாங்கிக்கொண்டு, "சுவாமி பேருக்கே பண்ணிடறேன், அவர் பாத்து அனுப்பிப்பார்" என்றார். வீட்டுக் கணக்கில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்றுதான் குழப்பம். கடைசியில் கம்ப்யூட்டர் பராமரிப்பு என்று எழுதினேன்.

அங்கே கோயிலில் நின்றபோதுதான் எனக்கு இந்த இமேஜ் முழுசாகப் புரிந்தது. புரிந்தது என்று அன்றைக்கு நினைத்தேன். நம் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்கும் முன்னால் பாலாலயம் செய்வார்களே, ஞாபகம் இருக்கிறதா? மூலவருடைய சக்தியை மந்திரத்தால் கும்பத்து நீரில் இறக்கி, தனியாக ஒரு சின்ன இடத்தில் வைத்துப் பூசை செய்வார்கள். கருவறை அதுவரை வெறும் கட்டடம், கொத்தனார் உள்ளே போய் வருவார். வேலை முடிந்து கும்பாபிஷேகத்தன்று சக்தி திரும்ப மூலவருக்கே போகும். இதுவும் அதேதான் என்று முடிவு கட்டிவிட்டேன். கறுப்புப் பெட்டிதான் கும்பம். கம்ப்யூட்டர்தான் கருவறை.

வெள்ளிக்கிழமை ராகு காலம் கழித்து, உச்சி வேளையில் ஆரம்பித்தோம். கம்ப்யூட்டருக்கும் பெட்டிக்கும் குங்குமம் வைத்தேன். உன் அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையில் வருகிறதையெல்லாம் ரேஷன் கடையில் பேர் கூப்பிடுகிற மாதிரி உரக்கப் படித்தார். நீ கொண்டுவந்த பிரெஞ்சு விசைப்பலகை வேறு சதி செய்தது. குளோன்ஜில்லாவுக்குப் பிரெஞ்சு தெரியாது போல. நான் ஒரு எழுத்தைத் தட்டினால் வேறு எழுத்து வந்தது. இமேஜுக்குப் பேர் கேட்டபோது வெண்மதி என்று வைக்க நினைத்தேன், படிக்க முடியாத ஏதோ பேர் விழுந்தது. குழந்தை நல்லபடி பிறந்தால் போதும், பேர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். எதிலிருந்து எடுப்பது, எதில் வைப்பது என்று கேட்கிற இடத்தில்தான் நின்றுவிட்டேன். மாற்றிச் சொல்லிவிட்டால் வெறும் பெட்டியை எடுத்து ஜாதகத்தின் தலையில் கவிழ்த்துவிடுமாம். அரை மணி நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அத்தான், "எதாவது ஒண்ண அமுக்கேன், காபி ஆறுது" என்றார். சரியானதைத்தான் அமுக்கினேன். எமகண்டத்துக்கு முன்னால் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அது பாட்டுக்கு எமகண்டத்துக்குள் நுழைந்து, எமகண்டத்தைத் தாண்டி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து நின்றது. முடிந்தது என்று எழுதிக் காட்டியதும் பெட்டிக்குக் கற்பூரம் காட்டி, மஞ்சள் துணியில் சுற்றிப் பூசை அலமாரியில் ஏற்றினேன். கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடி, இது இனிமேல் வெறும் கூடு, யாரும் தொடாதீர்கள் என்றேன்.

மறுநாள் வெண்மதி அதைத் திறந்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எல்லாம் அப்படியே இருந்தது! ஜாதகப் புரோகிராம், என் பால் கணக்கு, உன் பிள்ளைகளின் படம், ஒன்றுகூட நகரவில்லை. சக்தி இறங்கவே இல்லை! எமகண்டத்தில் நடந்ததால் வந்த வினை என்று அவள் வேலைக்குப் போனதும் மறுபடி ஆரம்பித்தேன். தலைக்குக் குளித்துவிட்டு, முழு இமேஜ். முடிந்ததும் திறந்து பார்த்தேன். அப்போதும் எல்லாம் அங்கேயே இருந்தது. பிடிவாதமான தெய்வம் என்று நினைத்துக்கொண்டு, விரதம் இருந்து மூன்றாம் தடவை எடுத்தேன். பாதியில் அந்த டிக், டிக் வேகமாகி, ஒரு நீண்ட கிறீச் சத்தம் வந்து, எல்லாம் அடங்கிப் போனது. திறந்து பார்த்தேன். கறுப்புத் திரை. ஒன்றுமே இல்லை. மாறா, எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! சாயங்காலம் வெண்மதி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "முழுசா எறங்கிடுச்சுடி! இப்பதான் சுத்தமா வந்திருக்கு!" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, சாகப்போற டிஸ்க்க மூணு தடவ மலை ஏற விட்டுருக்க. நீயே கொன்னுட்ட" என்றாள். கண்ணில் தண்ணீர். டிஸ்க்குக்காக வந்த கண்ணீர் இல்லை அது.

ஜெகபர் அலி சிரிக்காமல் கேட்டுக்கொண்டார், நல்ல மனிதர். கடைசியில் மட்டும், "அக்கா, ஒரு ஆள போட்டோ புடிச்சா ஆளு மறைஞ்சிருவாங்களா?" என்றார். மூன்றாவது பாதியில் நின்றதால் அது உதவாது, இரண்டாவதிலும் அங்கங்கே ஓட்டை, ஆனால் முதலில் எடுத்தது நன்றாக இருக்கிறது என்று சோதித்துச் சொன்னார். எமகண்டத்தில் ஓடியதுதான் சுத்தம் மாறா, இதை யாரிடமும் சொல்லாதே. அதே வயசுள்ள வேறு ஒரு பழைய கம்ப்யூட்டரை எங்கிருந்தோ தேடிக் கொடுத்தார். அதில் இமேஜைத் திரும்ப இறக்கினோம். அதைக் கும்பாபிஷேகம் என்றுதான் சொல்ல வேண்டும். பெட்டி வேறு, திரை வேறு, உள்ளே அச்சாக நம் வீடு. கடற்கரையில் மகாலி கண்ணைச் சுளித்துக்கொண்டு நிற்கிற படம் அதே இடத்தில். நான் பாதி எழுதி விட்டிருந்த பால் கணக்கு அதே பாதியில். குப்பைக்கூடையைத் திறந்தேன், நாங்கள் எப்போதோ கழித்துக் கட்டியதெல்லாம் அதற்குள் கும்பலாக உட்கார்ந்திருந்தது. கோட்டுச்சேரி பஸ் நேரத்துக்கு வருவதில்லை என்று பத்திரிகை ஆசிரியருக்கு உன் அத்தான் எழுதி, அனுப்பப் பயந்து அழித்த கடிதங்கள் அத்தனையும் அதில் இருந்தன. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். நல்லது கெட்டது பார்க்காமல், வேண்டும் வேண்டாம் என்று பிரிக்காமல், இருந்தது இருந்தபடி தூக்கி வந்திருக்கிறதே என்று எனக்கு அதிசயம் தாங்கவில்லை. வேறு என்னவெல்லாம் வந்திருக்கிறது பார்ப்போம் என்று, இத்தனை வருஷம் நான் நுழையாத அறைக்கதவையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனேன். ஜாதகப் புரோகிராமுக்குள்ளும் ஒரு கதவு இருந்தது. அமைப்புகள் என்று போட்டிருந்தது. அதைத் திறந்தேன்.

கணக்கிடும் ஊர்: பாரிஸ்.

மாறா, நீ அதை அங்கே வாங்கி, உன் பிள்ளைகள் ஜாதகத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஊரை மாற்றாமல் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து எனக்குக் கொடுத்திருக்கிறாய். நான் ஒவ்வொரு தடவையும் பிறந்த ஊர் காரைக்கால் என்று எழுதினேனே, அது தாளில் அச்சாவதற்கு மட்டுமாம். கணக்கெல்லாம் பாரிஸ் கணக்கு. நம் பெண் காலையில் பிறந்தாள் என்று நான் எழுதினால் அது பாரிஸ் காலை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அங்கே காலை ஆகும்போது இங்கே மத்தியானம் நெருங்கிவிடும். அதற்குள் சந்திரன் ரோகிணியை விட்டு நகர்ந்திருக்க மாட்டானா? இந்தத் தெருவில், அடுத்த தெருவில், நெடுங்காடு வரைக்கும் நான் புண்ணியத்துக்குப் பார்த்துக் கொடுத்த ஜாதகம் எல்லாமே பாரிஸ்தானா! உட்கார்ந்து ஒவ்வொரு ஜோடியாக நினைத்துப் பார்த்தேன். எல்லாரும் பிள்ளை குட்டியோடு நன்றாகத்தான் இருக்கிறார்கள். பிரிந்தது ஒரே ஒரு ஜோடி, அதற்குப் பார்த்தது வேறு ஜோசியர்.

உன் அத்தானிடம் சொன்னேன். "காரைக்கால்னு மாத்தி ஒரு தடவ தட்டிப் பாத்துட்டா தெரிஞ்சுபோச்சு" என்றார். ஜெகபர் அலியும், "இமேஜ் கையில இருக்கு, என்ன வேணா மாத்திப் பாருங்கக்கா, கெட்டுப்போனா பழையபடி கொண்டாந்துரலாம்" என்கிறார். உண்மைதான். கம்ப்யூட்டரை எத்தனை தடவை வேண்டுமானாலும் நேற்றைக்குக் கொண்டுபோகலாம். ஆனால் நான் ஒரு தடவை ரோகிணி என்று பார்த்துவிட்டால், பார்க்காத செல்லத்தை எந்தப் பெட்டியிலிருந்து திரும்ப எடுப்பது? என்னை யாரும் இமேஜ் எடுத்து வைக்கவில்லையே. மிருகசீரிடமே வந்துவிட்டால் நிம்மதி. ரோகிணி வந்தால் அதை மறைத்துவிட்டு நான் எப்படி அந்தம்மா முகத்தைப் பார்ப்பேன்? சொன்னால் வெண்மதி முகத்தை எப்படிப் பார்ப்பேன்? பார்க்கவும் பயம். பார்க்காமல் இருக்கவும் விரல் நமநம என்கிறது. சமையலறைக்குப் போகிறேன், திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன்னால் நிற்கிறேன், மறுபடி சமையலறைக்குப் போகிறேன். நேற்று ரசத்தில் இரண்டு தடவை உப்பு விழுந்துவிட்டது.

அதனால் நான் எடுத்திருக்கிற முடிவு இது. பார்க்க மாட்டேன். சத்தியம் செய்துவிட்டேன், சுவாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் அணைத்து. புதுக் கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிவிட்டேன். கறுப்புப் பெட்டி இங்கே இருந்தால், எதையும் பழையபடி ஆக்கிவிடலாம் என்கிற தைரியத்தில் என் கை சும்மா இருக்காது, அதனால் உன்னிடம் அனுப்புகிறேன், பத்திரமாக வை. நீ அங்கே அமைதியாக உட்கார்ந்து, ஊரை மாற்றிப் பார்ப்பதா வேண்டாமா என்று மகாலியோடு கலந்து ஒரு முடிவு சொல். அது வரைக்கும் நிச்சயதார்த்தத்துக்கு விமான டிக்கெட் போடாதே. நெடுங்காட்டுக்கும் தேதியைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்று சொல்லப் போகிறேன். பெண் கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

மகாலிக்கு என் அன்பு. பிள்ளைகள் தமிழை விடாமல் பேச வேண்டும், எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும், உனக்கு முதுகு வலி தீர வேண்டும், தைவானில் இருக்கிற அந்த முகம் தெரியாதவர்கள் வீட்டிலும் நல்லது நடக்க வேண்டும். எல்லாருக்கும் சனி பகவான் பார்வை மெத்தென்று விழட்டும்.

உன் நன்மையையே கோருகிற அக்கா,
செல்லம்

பி.கு.: ஒட்டின உறையைப் பிரித்து எழுதுகிறேன். தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லலாம் என்று நெடுங்காட்டுக்குப் போன் செய்தேன். வாய் தவறாமல் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பாரிஸ் கதை முழுவதையும் கொட்டிவிட்டேன். அந்தம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டார். அப்புறம், "சம்பந்தி, நீங்க ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் எனக்குச் சரி" என்று முழுப் பாரத்தையும் என் தலையில் வைத்துவிட்டார். சத்தியத்துக்குச் சனிக்கிழமை பரிகாரம் செய்துகொள்ளலாம் என்று துணியை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். வெண்மதி பேரைத் தட்டுவதற்கு விரல் வரவில்லை. பழகிக்கொள்வதற்காக முதலில் எங்கள் ஜோடியைப் போட்டேன். உன் அத்தான் மாடு கறக்கிற நேரத்தில் பிறந்தார் என்பதைத் தவிர வேறு குறிப்பு இல்லாததால், அம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் போட்டுப் பார்த்துத்தானே எங்களுக்கு முடித்தார்கள்? இத்தனை வருஷத்தில் ஜாதகம் போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. மாடு கறக்கிற நேரத்தைப் போட்டேன். பாரிசில் பொருத்தம் இல்லை. காரைக்கால் என்று மாற்றினேன். காரைக்காலிலும் இல்லை. உன் அத்தான் பின்னால் வந்து நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வரைக்கும் உரக்கப் படித்தார். "இதச் சொல்றதுக்கு ஒரு கம்ப்யூட்டரா வேணும்?" என்றார். என் காபி டம்ளரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தார். நான் பாரிஸ் என்று திரும்ப வைத்து, வெண்மதிக்கும் அகரனுக்கும் ஒரு தாள் அச்செடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரை அணைத்தேன். நெடுங்காட்டுக்குப் போன் செய்து, "பாத்துட்டேன் சம்பந்தி. ஒண்ணும் ஆகாது. நிச்சயத்த வச்சுக்குவோம்" என்றேன். எதைப் பார்த்தேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீ டிக்கெட் போடு.